உப்பு சரியா இருக்கு

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர், நண்பர், அண்டை வீட்டார் அனைவருக்கும் அன்பு வணக்கம். இத்தகைய மலர்களில் மறைந்தவரின் பொறுமையைப் பற்றி முதலில் எழுதுவது வழக்கம். அக்கா பொறுமைசாலி என்று நான் எழுதினால் உங்களில் பாதிப் பேர் சிரித்துவிடுவீர்கள். மீதிப் பேர் அக்காவுக்குச் சமைத்துப் போட்டுப் பார்க்காதவர்கள். ஆகவே சாப்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன். அக்காவின் வாழ்க்கையை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் கடைசியில் அடுப்படிக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கும்.

அக்கா பிறந்தது இதே காரைக்காலில், நாங்கள் இப்போது குடியிருக்கும் இதே வீட்டில். எங்கள் தகப்பனார் மேரியில் எழுத்தராக இருந்தார். நகராட்சி அலுவலகத்தை அந்தக் காலத்தவர் பிரெஞ்சுப் பெயராலேயே மேரி என்பார்கள். நான் நடை பழகும் முன்பே அம்மா காய்ச்சலில் போய்விட்டார்கள். பாவாடை சட்டை போட்ட வயதில் அக்கா அடுப்படிக்குள் நுழைந்தார். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே குழம்பு கூட்டினாராம். தகப்பனார் அதிகம் பேசாதவர். சாப்பாடு நன்றாக இருந்தால், கை கழுவிவிட்டு வரும்போது "உப்பு சரியா இருக்கு" என்பார். நன்றாக இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த மூன்று சொல்லுக்காகத்தான் அக்கா சமையல் கற்றுக்கொண்டார்.

அதனால்தானோ என்னவோ, பின்னாளில் உலகத்தில் பாதியைச் சுற்றிவந்த பிறகும், ஒரு சாப்பாட்டைப் பாராட்ட அக்காவுக்கு வேறு சொல் தெரியவில்லை. அருமை, பிரமாதம் என்றெல்லாம் அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. குறை சொல்வதற்கு மட்டும் ஆயிரம் சொல் வைத்திருந்தார். கல்யாணப் பந்தியில் அக்கா உட்கார்ந்தால் சமையல்காரர் தூணுக்குப் பின்னால் நின்று அவர் முகத்தையே பார்ப்பார். "உப்பு சரியா இருக்கு" என்று அக்கா சொல்லிவிட்டால் போதும், அந்த மனிதர் அதை அடுத்த ஊர் வரைக்கும் சொல்லிக்கொண்டு போவார். அதை வாங்குவதற்கு எத்தனை வருடம் பிடித்தது என்று என் மனைவி ரெஜினாவைக் கேளுங்கள். இன்றைக்கும் சொல்லிச் சொல்லிப் புலம்புவாள்.

அத்தான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார். நம் ஊரில் அது புதிதல்ல. வியட்நாமில் சைகோனுக்குப் போகிற ஆண்கள் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொள்கிறார்கள் என்ற பேச்சும் புதிதல்ல. அந்தப் பயத்தில்தான், தாலி கட்டிய கையோடு அக்காவையும் கப்பலேற்றிவிடுவது என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். என்னைப் பூவத்தில் இருந்த சித்தி வீட்டில் விட்டார்கள். அன்று நான் அழுத அழுகையை அக்கா கடைசி வரைக்கும் சொல்லிக் காட்டினார். "மூக்கு ஒழுவ நின்னான். அந்த மொகத்தைப் பாத்துட்டு வந்தவளுக்குக் கப்பல்ல எப்படிச் சோறு எறங்கும்?" என்பார். உடனே, "எறங்கியிருந்தாலும் ஒண்ணுமில்ல. அந்தக் கப்பல் சோத்தை வாயில வைக்க முடியாது" என்று சேர்த்துக்கொள்வார்.

சைகோன் சாப்பாடு அக்காவுக்கு முதலில் துளியும் பிடிக்கவில்லை. "காலங்காத்தால எலும்புத் தண்ணில சேமியாவைப் போட்டுத் தர்றாங்க. அதுல ஒரு கட்டு தழையைப் பச்சையாப் பிச்சுப் போட்டு ஆடு மாதிரி மெல்லணும். அதுகூடப் போவட்டும். மீன் சாறுன்னு ஒண்ணு வச்சிருக்காங்க பாரு, கருவாட்டுப் பானையைக் கழுவுன தண்ணி. அதைக் கிண்ணத்துல ஊத்தி நடுவுல வச்சு, எல்லாத்தையும் அதுல தொட்டுத் தொட்டுத் திங்கிறாங்க. சேசுவேன்னு இருந்துச்சு" என்பார்.

எதிர் வீட்டில் ஒரு பெண்மணி இருந்தார். அக்கா அவரை 'சி ஹாய்' என்று அழைப்பார். அந்த ஊரில் மூத்த அக்கா என்று அர்த்தமாம். அக்காவுக்கு மகன் சவரி பிறந்தபோது அத்தான் எங்கோ சண்டை நடக்கும் இடத்தில் இருந்தார். பெற்றவள் இல்லை, கூடப் பிறந்தவன் மூக்கொழுகிக்கொண்டு பூவத்தில் இருக்கிறான். சி ஹாய்தான் வந்தார். சுடச்சுடச் சோறும், மீன் சாற்றில் மிளகைத் தட்டிப் போட்டுச் சுண்ட வைத்த மீனும் கொண்டுவந்து ஊட்டினார். "பிள்ளை பெத்தவளுக்கு மொளகு குடுக்கணும்னு அவளுக்கு யாருடா சொல்லிக் குடுத்தா? நம்ம ஊரு மாதிரியே செஞ்சிருக்கா பாரு" என்று அக்கா ஒவ்வொரு தடவையும் புதிதாக ஆச்சரியப்படுவார். அந்த மீன் எப்படி இருந்தது என்று கேட்டால் குரல் இறங்கிவிடும். "உப்பு சரியா இருந்துச்சு" என்பார். மீன் சாறு போடும் விதத்தையும் சி ஹாயிடமே கற்றுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அத்தானுக்கு மாற்றல் மேல் மாற்றல். அக்கா போன நாடுகளை எனக்கு வரைபடத்தில் காட்டத் தெரியாது. அங்கங்கே என்ன சாப்பிட்டார்கள் என்பது மட்டும் மனப்பாடம். அல்ஜீரியாவில் ரவையை ஆவியில் வேகவைத்து மேலே கறிக்குழம்பு ஊற்றுவார்களாம். "ஆவில வேக வைக்கத் தெரிஞ்சவன் நமக்குச் சொந்தக்காரன்" என்று அக்கா அவர்களை உறவில் சேர்த்துவிட்டார். பிரான்சில் துலோன் துறைமுகத்தில் பல மீன்களைச் சேர்த்து ஒரு சாறு காய்ச்சுவார்கள். "மீன் பாத்து வாங்கத் தெரிஞ்சவங்க. புளி போடத்தான் மறந்துட்டாங்க." பிரெஞ்சு ரொட்டி மீது குறை இல்லை, வெண்ணெய் மீது குறையே இல்லை. பாலாடைக் கட்டியை மட்டும் மன்னிக்கவில்லை. "பாலு கெட்டுப்போச்சுன்னு ஒத்துக்க மனசு வரல. பேரு வச்சு விக்கிறாங்க."

ஜெர்மனியில் இருந்த வருடங்களைப் பற்றிப் பேசினாலே முகம் சுருங்கிவிடும். "முட்டைக்கோசை ஊறுகாய் போடுறாங்க, அந்த அறிவு இருக்கு. ஆனா ஒரு மொளகா போடக்கூடாதா? உருளைக்கெழங்கையே உருண்டையாவும் சப்பட்டையாவும் மாத்தி மாத்திக் குடுத்தா வேற பதார்த்தம்னு நெனச்சுக்குவோமா?" அத்தான் மட்டும் அங்கே சதை போட்டார். அதற்கும் அக்காவுக்குக் கோபம்.

அக்கா மனம் நிறைந்து பேசியது ஆப்பிரிக்காவில் தக்கார் ஊரைப் பற்றி. மீனும் காய்கறியும் சேர்த்துப் பெரிய சட்டியில் ஆக்கிய சோற்றை ஒரே தாம்பாளத்தில் கொட்டி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கையால் சாப்பிடுவார்களாம். அடிப்பிடித்த காந்தலைச் சுரண்டி விருந்தாளிப் பக்கம் தள்ளுவார்களாம். "நம்ம ஊருல காந்தலை யாருக்குக் குடுப்போம்? வீட்டுப் பொம்பளைக்குத்தான். அங்க அது மரியாதை. கரண்டி வேணுமான்னு அந்த வீட்டுக்காரி கேட்டா. எனக்கு எதுக்குடி கரண்டின்னு ஒக்காந்துட்டேன்" என்பார். என்ன மொழியில் சொன்னார் என்று நான் கேட்டதில்லை. எந்த நாட்டுப் பெண்ணுடனும் அடுப்பைக் காட்டியே அக்கா பேசிவிடுவார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அத்தான் ஓய்வு பெற்று இருவரும் ஊர் திரும்பினார்கள். தகப்பனார் வீட்டில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். அத்தானைச் சில வருடங்களிலேயே மாரடைப்பில் இழந்தோம். சவரி பிரான்சிலேயே தங்கி, பாரீசுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். ஒரே பிள்ளை. அவனுக்கு அத்தான் வழியில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார் அக்கா. கல்யாணத்துக்கு எந்த நாட்டுச் சமையலிலிருந்து எதை எடுத்துப் பந்தியில் வைப்பது என்பதுவரை முடிவாகியிருந்தது. அவன்தான் ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்றான்.

ஒரு தவக்கால ஞாயிறு. பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தோம். பிரான்சிலிருந்து விடுமுறையில் வந்திருந்த நம் ஊர்க்காரர் ஒருவர் அக்காவிடம் வந்தார்.

"சவரி கல்யாணம் பண்ணிக்கிட்டதுல எங்க எல்லாருக்கும் ரொம்ப சந்தோசங்க. மேரியில கையெழுத்துப் போட்டுச் சிக்கனமா முடிச்சுட்டான். வியட்நாம் பொண்ணு. தங்கமான பொண்ணுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "தெரியுமே" என்றார். பிறகு, "விருந்துல என்ன போட்டாங்க?" என்று கேட்டார். அவர் ஏதோ ஆட்டுக்கறி என்றார். அக்கா தலையை ஆட்டிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பொண்ணு எந்த ஊரா இருந்தா என்னடா தம்பி? எனக்குச் சொல்லலியே. என் வயித்துல பொறந்தவன் கல்யாணத்தை இன்னொருத்தன் சொல்லி நான் தெரிஞ்சிக்கணுமா?" என்றார். அதற்குப் பிறகு, "இனிமே அவன் பேச்சை இந்த வீட்டுல எடுக்காதீங்க" என்று எழுந்து போனார். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அதே வாரம் என்னைக் கூப்பிட்டார். "பட்டினம் போயி நல்ல நெத்திலியா ஒரு கூடை வாங்கிட்டு வா. நல்ல தண்ணி படக்கூடாது. கடல் தண்ணிலயே அலசி வாங்கு." திருமலைராயன்பட்டினம் போய் வாங்கி வந்தேன். கருவாடு போடப் போகிறார் என்று நினைத்தேன். அக்காவோ வீட்டிலேயே பெரிய ஊறுகாய் ஜாடியைக் காலி செய்து துடைத்து, கல் உப்பு ஒரு அடுக்கு, நெத்திலி ஒரு அடுக்கு என்று வாய் வரைக்கும் நிரப்பினார். மேலே மூங்கில் தட்டியை வெட்டி வைத்து, அதன் மேல் அம்மிக் குழவியை ஏற்றினார்.

"என்னாக்கா இது?"

"சைகோன் மீன் சாறு. நாக்கு கேக்குது."

"ஊருக்கு வந்து இத்தனை வருசமாக் கேக்காத நாக்கா?"

"இப்பக் கேக்குது. ஒனக்கென்னடா? வெயில்ல இருக்கணும், மாடிக்குத் தூக்கு."

என் முதுகு அன்று பிடித்துக்கொண்டதுதான், இன்னும் விட்டபாடில்லை.

கொஞ்ச நாளில் வாடை கிளம்பியது. இந்த மலரைப் படிக்கும் எங்கள் தெருக்காரர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்த வீட்டு ஹமீது பாய் துணிக்கடை வைத்திருப்பவர், பட்டினத்துக்காரர், மீன் வாடைக்கு மூக்கைச் சுளிக்கிற ஆள் அல்ல. அவரே ஒரு நாள் வாசலில் வந்து தயங்கி நின்றார். "தப்பா நெனைக்காதீங்கண்ணே. ஒங்க மாடியில பூனை கீனை செத்துக் கெடக்கான்னு ஒரு எட்டுப் பாத்துடுங்க" என்றார். யார் போய்ச் சொன்னார்களோ, மேரியிலிருந்து சுகாதார மேஸ்திரியும் வந்துவிட்டார். அக்கா அவரை மாடிக்கே அழைத்துப் போய் மூடியைத் திறந்து காட்டினார்.

"கிட்ட வந்து நல்லா மோந்து பாருங்க. இது நாறல, பழுக்குது. நாத்தம்னா என்னன்னு தெரியணுமா? பிரான்சுல ஒரு பாலாடைக் கட்டி இருக்கு. அதுக்கு அரசாங்கமே முத்திரை குத்திக் குடுக்குது."

"மூடியே வச்சுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் இறங்கிப் போனார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் ஜாடி வீட்டுக்குள் வந்தது, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில். ரெஜினா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணி, ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது ஒரு வருசத்துல சரியாயிரும். நீ சரியாவ நாளாவும்" என்றார். வாயைத் திறந்து சிரித்தது ரெஜினாதான்.

இதற்கு நடுவே சவரி, ஹமீது பாய் கடைத் தொலைபேசிக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பாய் கடையை விட்டு ஓடிவந்து, "பிரான்சிலேருந்து தம்பி லைன்ல இருக்காரு, வாங்க" என்பார்.

"பூசைக்குப் போயிருக்காங்கன்னு சொல்லுங்க பாய்" என்பார் அக்கா.

"மத்தியானம் மூணு மணிக்கு என்னாங்க பூசை?"

"எங்க சாமியாரு வைப்பாரு. போயிச் சொல்லுங்க."

ஒவ்வொரு தடவையும் நான்தான் போய்ப் பேசிவிட்டு வருவேன். வீட்டுக்குள் நுழையும்போது அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். திரும்பாமலே, "சத்தம் எப்படி இருந்துச்சு? சளி புடிச்ச மாதிரி இருந்துச்சா?" என்று கேட்பார். நல்லா இருந்துச்சுக்கா என்பேன். "நான் ஒண்ணும் கேக்கல" என்பார்.

மழை முடிந்து ஜாடி மறுபடி மாடிக்குப் போன நேரத்தில் அக்காவுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. இருதயம் பலவீனப்பட்டிருக்கிறது, உப்பை அறவே நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அக்கா தாங்கியிருப்பார். ரெஜினா உப்பில்லாத கஞ்சியும் உப்பில்லாத காயும் வைப்பாள். ஒரு வாய் வைத்துவிட்டு அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இதுக்கு ஜெர்மனியே தேவலாம்" என்று ஒரு நாள் சொன்னார். சிரிக்கத்தான் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று நானே ஹமீது பாய் கடைக்குப் போய் சவரியைக் கூப்பிட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவன் அழுதான். "நான் வந்தா மொகத்தைப் பாப்பாங்களா மாமா? லானைக் கூட்டிக்கிட்டு வந்தா வாசல்லயே நிறுத்திருவாங்களா?" என்று தன் மனைவியைச் சொல்லிக் கேட்டான். பேச்சை மாற்ற, "ஒங்கம்மா பண்ற கூத்து ஒனக்குத் தெரியாது. மாடியில ஒரு ஜாடி நெத்திலியை உப்புல போட்டு வச்சு, தெருவே மூக்கைப் புடிச்சிக்கிட்டு நடக்குது" என்றேன்.

அவன் அழுகை சட்டென்று நின்றது. பிறகு கேட்டான்: "எப்பப் போட்டாங்க மாமா?"

"ஒன் கல்யாணச் சேதி வந்த வாரமே."

அவன் யாரிடமோ வேறு மொழியில் சொல்வது கேட்டது. ஒரு பெண் குரல் படபடவென்று ஏதோ சொன்னது, பிறகு விம்மியது. சவரி மறுபடி வந்தான். "மாமா, அது பழுக்க ஒரு வருசம் ஆகும்னு லான் சொல்றா. அவங்க வீட்டுல அவ அம்மாவும் மருமவளுக்குன்னுதான் ஜாடி போடுவாங்கன்னு சொல்றா. நாங்க வர்றோம்."

தொலைபேசியை வைத்துவிட்டு நான் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஹமீது பாய் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். கோபத்தில் மகன் பேரையே எடுக்கக்கூடாது என்று சொன்ன அதே வாரத்தில், அவன் மனைவி ஒரு நாள் வருவாள், வரும்போது அவள் நாக்குக்கு என்ன வேண்டும் என்று யோசித்து, அதற்கு ஒரு வருடம் ஆகும் என்றும் கணக்குப் பண்ணி, அக்கா என்னைப் பட்டினத்துக்கு அனுப்பியிருக்கிறார். அக்காவுக்குப் பொறுமை இல்லை என்று முதலில் எழுதினேனே, அதை இந்த இடத்தில் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் வந்த அன்று அக்கா நாற்காலியை வாசலுக்கு நேரே போடச் சொல்லி உட்கார்ந்திருந்தார். காரிலிருந்து சவரி இறங்கி வந்து காலடியில் உட்கார்ந்தான். "எளைச்சுட்ட. அங்க என்னத்தைத் திங்கிற?" என்றார். அதற்கு மேல் அவனைப் பார்க்கவில்லை. பின்னால் ஒடுங்கி நின்ற பெண்ணைப் பார்த்து, பல வருடம் பேசாத மொழியில், "ஆன் கோம் சுவா?" என்று கேட்டார். சோறு சாப்பிட்டாயா என்று அர்த்தமாம். லான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். இல்லை என்று தலையாட்டினாள். "அப்பறம் என்ன நிக்கிற? உள்ள வா" என்றார் அக்கா தமிழில்.

மகனோடு நடந்த வழக்கு மறுநாள் காலையில்தான்.

"எனக்குச் சொல்லலியேடா."

"நீங்க வேணாம்னுடுவீங்கன்னு பயந்துட்டேம்மா."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அப்பறம் ஜாடி போட்டிருப்பேன்."

வழக்கு அதோடு முடிந்தது. லான் வீட்டாரும் எங்களைப் போல வேதக்காரர்கள்தாம் என்று அப்போதுதான் தெரிந்தது. "அதைச் சொல்லியிருந்தா பாதிச் சண்டை மிச்சம்" என்றார். அடுத்த ஞாயிறு பங்குச் சாமியார் இருவரையும் பீடத்தின் முன் நிறுத்தி ஆசீர்வதித்தார்.

உயிர்ப்புத் திருநாள் முடிந்ததும் ஜாடியை இறக்கினோம். அந்தக் கொடிய வாடை எங்கோ போயிருந்தது. மூடியைத் திறந்தால் கடற்கரைக் காற்று மாதிரி ஒரு மணம். மேலே தேன் நிறத்தில் தெளிவாக நின்றது. அக்காவால் அதைத் தொட முடியாது. உலகத்துச் சமையலுக்கெல்லாம் கருத்துச் சொன்னவர், தான் போட்ட சாற்றில் உப்பு எப்படி என்று இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. லான் கரண்டியில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். தூணுக்குப் பின்னால் நிற்கும் சமையல்காரர் மாதிரி அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு சரியா இருக்கு, அத்தை" என்றாள் லான்.

சவரி எப்போதோ சொல்லிக் கொடுத்திருக்கிறான், எங்கள் வீட்டில் இதற்கு மேல் பாராட்டு இல்லையென்று. உச்சரிப்பு எப்படியோ இருந்தது. யாருக்கு அது வேண்டும்? அக்கா அழுதார். கண்ணைத் துடைக்கவும் இல்லை. "ரெஜினா, மொளகு எடு. மீனு வாங்கிட்டு வரச் சொல்லு" என்று அழுதுகொண்டே உத்தரவு போட்டார்.

அந்த வாரமே மாமியாரும் மருமகளும் சேர்ந்து இரண்டாவது ஜாடி போட்டார்கள். மறுபடி நான்தான் பட்டினம் போனேன். லான் தன் அம்மா வழக்கப்படி நெத்திலிக்கு நடுவே அன்னாசித் துண்டுகளை வைத்தாள். "மீனுக்குள்ள பழமா? இது எந்த நாட்டு வழக்கம்?" என்று அக்கா சண்டைக்குப் போனார். லான் சிரித்துக்கொண்டே வைத்துக்கொண்டே போனாள். கடைசி அடுக்கு உப்பை மட்டும் அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. தன் கையால் அள்ளிப் பரப்பினார். "அடுத்த வருசம் இதே நேரம் தொறங்க" என்றார். தொறப்போம் என்று சொல்லவில்லை. எனக்கு அது அப்போதே நெஞ்சில் தைத்தது.

பிறகு படுக்கைதான். என்ன கேட்டாலும் கொடுங்கள் என்று மருத்துவர் சொன்ன பிறகு, ஒரு காலை லானைக் கூப்பிட்டு, "கஞ்சியில ஒரு கல்லு உப்புப் போடும்மா" என்றார். அவள் போட்டு ஊட்டினாள். அக்கா ஒரு வாய் வாங்கி, நாக்கில் வைத்து நிதானித்தார். நாங்கள் எல்லோரும் அந்த மூன்று சொல்லுக்காகக் காத்திருந்தோம். "கொஞ்சம் தூக்கல்" என்றார். மாதக்கணக்கில் உப்புப் படாத நாக்கு, அப்படித்தான் இருக்கும். ஆனால் இன்னொரு வாய் கேட்டார். அன்று பிற்பகல், சாமியார் வந்து நோயில் பூசுதல் கொடுத்த பிறகு, மகன் மடியில் தலையும் மருமகள் கையில் கையுமாக அக்கா இறைவனிடம் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் துயரத்தில் தோள் கொடுத்த ஒவ்வொருவருக்கும் இக்குடும்பம் கடன்பட்டிருக்கிறது. வேளை பார்க்காமல் வீட்டுக்கே வந்த மருத்துவருக்கும், பங்குச் சாமியாருக்கும், பாடற்குழுவினருக்கும் நன்றி. எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் பானை பானையாகச் சோறு கொண்டுவந்த பூவத்து உறவினருக்கும், அம்பகரத்தூரிலிருந்து முதல் பேருந்திலேயே வந்து இறங்கிய நண்பர்களுக்கும் நன்றி. ஹமீது பாய் குடும்பத்தாருக்குத் தனியாக ஒரு நன்றி. போன மழைக்காலத்தில் நாங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில், தங்கள் மாடியிலிருந்து எங்கள் மாடிக்குத் தாண்டி வந்து ஜாடியைத் தார்ப்பாய் போட்டு மூடியவர்கள் அவர்கள்தாம். வாடையைப் பொறுத்துக்கொண்ட தெருவினர் எல்லோருக்கும் அக்காவின் சார்பில் மன்னிப்பும் நன்றியும்.

இதை நான் எழுதும்போது இரண்டாவது ஜாடி இன்னும் திறக்கப்படவில்லை. சவரியும் லானும் பிரான்சிலிருந்து வந்திருக்கிறார்கள். திருப்பலி அன்று காலையில் லான் அதைத் திறந்து, மிளகு போட்டு மீன் சுண்ட வைத்து உங்களுக்கு மதியம் பரிமாறப் போகிறாள். அன்னாசியும் அக்காவும் ஒத்துப்போனார்களா என்பது எங்களுக்கும் அன்றுதான் தெரியும். பந்தியில் உட்காருங்கள். பொறுமையாகச் சாப்பிடுங்கள். நன்றாக இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் கை கழுவிக்கொண்டு போங்கள், எங்கள் வீட்டு வழக்கம் லானுக்குத் தெரியும். நன்றாக இருந்தால் போகும்போது அவளிடம் அந்த மூன்று சொல்லைச் சொல்லிவிட்டுப் போங்கள். அக்கா சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது.